ராத்திரி 2 மணிக்கு யார் எழுந்தது?

நேற்று நடந்த கூத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் அப்படியே விட்டுவிடுங்கள், தேடிப் போய் அந்த ரீலுக்கு இன்னும் நாலு வியூ கூட்ட வேண்டாம். கண்ணே திறக்காத பூனைக்குட்டி. அதை மல்லாக்கப் போட்டு, இங்க் ஃபில்லரில் பசும்பாலை எடுத்து வாயில் பீச்சுகிறார்கள், குட்டி தும்முகிறது, மூக்கு வழியாகப் பால் வருகிறது, பின்னால் உருக்கமாக ஒரு அம்மா பாட்டு ஓடுகிறது. கீழே இதயம் இதயமாகக் கொட்டிக் கிடக்கிறது. "மல்லாக்கப் போடாதீங்க, பசும்பால் வேண்டாம், உடனே ஒரு டாக்டரைப் பாருங்க" என்று மட்டும்தான் எழுதினேன். அதற்குத்தான் எனக்குப் "பூனை போலீஸ்" பட்டம். அப்புறம் நேற்று, கறுப்புப் பின்னணியில் "சாமிகிட்ட போயிட்டா" என்று ஒரு ஸ்டேட்டஸ். அதற்கும் இதயம்.

குட்டி எதனால் செத்தது என்று நான் சொல்ல முடியாது, நான் பக்கத்தில் இல்லை. மூக்கில் பால் வந்ததைப் பார்த்தேன். பால் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும் என்று தெரியும். அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. தாயில்லாத குட்டிக்கு ஊட்டுவது பாசம் காட்டுகிற விஷயமே இல்லை, அது வேலை. கடிகாரத்தைப் பார்த்துச் செய்கிற வேலை. முதல் வாரத்துக் குட்டிக்கு 2, 3 மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரியும் சேர்த்து. இரண்டாவது வாரம் 3, 4 மணி நேரத்துக்கு ஒரு முறை. மூன்றாவது வாரம் வந்தால்தான் 4, 5 மணி நேரம் இடைவெளி விட்டு நீங்கள் கொஞ்சம் தூங்கலாம். 4 வாரம் ஆனபின் மெதுவாகத் தட்டில் குழைவாக ஏதாவது வைத்துப் பழக்கலாம். அந்த ரீலில் ஊட்டியது பகல் வெளிச்சத்தில், முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு. ராத்திரி 2 மணிக்கு யார் எழுந்தது? இந்த ஒரு கேள்விக்கு அங்கே யாரும் பதில் சொல்லவில்லை.

அளவு என்று ஒன்றும் இருக்கிறது. 100 கிராம் எடையுள்ள குட்டியின் வயிறு ஒரு வேளைக்குத் தாங்குவது 4 மில்லி அளவுதான், ஒரு டீஸ்பூன்கூட முழுதாக இல்லை. இவர்கள் ஃபில்லர் ஃபில்லராக ஏற்றுகிறார்கள். குப்புற, தாயிடம் எப்படிப் படுத்துக் குடிக்குமோ அப்படி வைத்துத்தான் கொடுக்க வேண்டும், அதுவும் அது உறிஞ்சுகிற வேகத்தில். அதற்கும் முன்னால் உடம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஜில்லென்று இருந்தால் பால் கொடுக்கவே கூடாது, சூடு இல்லாத உடம்பில் செரிக்காது. முதலில் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்து உடம்பைச் சூடாக்க வேண்டும். குடித்து முடித்தபின் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் பின்பக்கத்தை மெல்லத் துடைத்து விட வேண்டும். ஏனென்றால் முதல் 3 வாரம் குட்டிக்குத் தானாக ஒன்றுக்கு ரெண்டுக்குப் போகத் தெரியாது, தாய் நக்கிக் கொடுத்தால்தான் போகும். இந்தப் பஞ்சு வேலையை எந்த ரீலிலும் பார்க்க மாட்டீர்கள். அதற்குப் பொருத்தமாக அம்மா பாட்டு கிடைக்கவில்லை போலும்.

எனக்கு இதெல்லாம் பிறக்கும்போதே தெரியாது. திருச்சியில் எங்கள் பழைய வீட்டு மோட்டார் ரூமில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. தாய் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போனது. கால்நடை டாக்டர்தான் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார், தினமும் எடை பார்க்கச் சொன்னார். நாளைக்கு 10 கிராமாவது ஏற வேண்டும், ஏறாவிட்டால் தூக்கிக்கொண்டு வா என்றார். வீட்டில் இருந்தது சாம்பார்ப்பொடிக்குச் சாமான் நிறுக்கிற மெஷின். அதில் பூனையை வைத்ததற்காக அத்தை, என் மாமியார்தான், என்னோடு சில நாள் பேசவே இல்லை. "எம்புள்ளையை வளக்க நான் அலாரம் வச்சதில்ல" என்று மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் ஒரு நாள் பார்த்தால், பால் கணக்கு எழுதுகிற காலண்டரில், அரை லிட்டர் ஒரு லிட்டருக்குப் பக்கத்தில், அத்தை கையெழுத்தில் 182, 195, 206 என்று இருக்கிறது. கேட்டதற்கு, "நீ பாட்டுக்கு மறந்துட்டா?" என்றார். (புது மெஷின் வாங்கித் தரச் சொன்னதும் அத்தைதான். பொடிக்கு.)

சரி, ஆட்சேபணைகளுக்கு வருகிறேன்.

"எங்க பாட்டி பசும்பால் ஊத்திதான் பத்துப் பூனை வளர்த்தாங்க." வளர்த்திருப்பார். அந்தப் பூனைகளுக்கு அம்மா இருந்தது, எலி இருந்தது, மீன் தலை இருந்தது. மேலுக்குத்தான் பாட்டியின் பால். பூனையின் பாலில் புரதம் பசும்பாலைப் போல் இரண்டு மடங்குக்குப் பக்கம், கொழுப்பும் அதிகம். பசும்பாலையே நம்பி இருக்கிற குட்டிக்கு வயிற்றுப்போக்குப் பிடித்து, நீர் வற்றி, அரை நாளில் துவண்டுவிடும். ஒருவர் தெனாலிராமன் கதையையே கொண்டுவந்துவிட்டார், ராயரே பூனையோடு பசுவும் சேர்த்துத்தானே கொடுத்தார் என்று. ஐயா, அந்தக் கதையில் பூனை பாலைக் கண்டதும் தலைதெறிக்க ஓடும். அதையும் படித்திருப்பீர்கள்தானே?

"திருச்சி வெயில்ல குட்டிக்குக் குளிருமா?" குளிரும். டைல்ஸ் தரையில், ஃபேனுக்கு அடியில், அதிலும் ஏசி அறையில் வைத்தால் நன்றாகவே குளிரும். முதல் வாரத்தில் அதைச் சுற்றி 30 டிகிரியாவது வேண்டும்.

பசும்பாலுக்குப் பதில் கொடுக்க வேண்டிய, குட்டிகளுக்கான பால் பவுடர் விலை அதிகம் என்கிறார்கள். ஆமாம், அதிகம்தான்.

"அப்போ தெருவிலேயே சாக விடணுமா?" இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், ஏதோ நான் சாக விடச் சொன்ன மாதிரி. முதலில் தாய் வருகிறதா என்று எட்ட நின்று சில மணி நேரம் பாருங்கள் என்கிறேன். அதுவும் வயிற்றுக்குத் தேடப் போயிருக்கும். இடம் மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தான் கவ்விக்கொண்டு போகும். குட்டி போட்ட பூனை ஏழு வீடு காட்டும் என்று நம் வீடுகளில் சொல்லிக் கேட்டதே இல்லையா? மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பதும் பொய், சேர்க்கும். நான் இவ்வளவு கொதிக்கக் காரணம் இருக்கிறது. "பாவம் அனாதைக் குட்டிங்க" என்று ஆரம்பிக்கிற அந்த முதல் வீடியோவை ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். பின்னால் ஒரு பெரிய பூனை கத்துகிறது. விடாமல் கத்துகிறது. எடுத்தவருக்குக் கேட்கவில்லையா, இல்லை பாட்டைப் போட்டு மறைத்துவிட்டாரா?

"நல்ல மனசோட செஞ்சதை ஏன் குறை சொல்றீங்க?" நல்ல மனசு எல்லாருக்கும் இருக்கிறது. ராத்திரி 2 மணிக்கு எழுந்தீர்களா?

அப்புறம் அந்தக் கமெண்ட். "குழந்தை குட்டி இல்லாதவங்களுக்குப் பொழுது போகணும்ல." இதைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். எழுதியவர் யாரோ, அவரை விடுங்கள். அதற்குச் சிரிப்புப் போட்டவர்களில் என் கல்யாணத்துக்குப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள், நான் எந்தெந்த ஆஸ்பத்திரிப் படி ஏறினேன் என்று தெரிந்தவர்கள். சிரியுங்கள். என் மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது ராத்திரி ராத்திரியாக அவரைப் புரட்டிப் படுக்க வைத்தது, டியூபில் கஞ்சி ஊற்றியது, துணி மாற்றியது நானும் அத்தையும். இதே ஆட்கள்தான் ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் பையோடு வந்து, அவர் கையைப் பிடித்து ஒரு போட்டோ எடுத்து, "மாமாவுடன் சில நெகிழ்வான தருணங்கள்" என்று போட்டார்கள். அதற்கு விழுந்த லைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தப் போட்டோவில் அத்தையும் இல்லை, நானும் இல்லை. நான் அடுக்களையில் உங்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தேன்.

பூனையில் ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டாள் என்று கீழே எழுதப் போகிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்த வீட்டில் இன்னும் இரண்டு குட்டிகள் இருப்பதாக அவர்களே போட்டிருக்கிறார்கள். தாய் இன்னும் அங்கேதான் சுற்றுகிறது என்றால் பெட்டியோடு பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு நகர்ந்து நில்லுங்கள். வரவில்லை என்றால் இன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். பால் பவுடர் வாங்கித் தருகிறேன், பஞ்சு பிடிக்கக் கற்றுத் தருகிறேன், ராத்திரி 2 மணிக்கு ஆள் வேண்டுமென்றால் நானே வந்து உட்காருகிறேன், எனக்குத்தான் பொழுது போக வேண்டுமே. நான் வந்தால் ஒன்றே ஒன்று, யாரும் செல்போனைத் தூக்கக் கூடாது.