மொட் வெளியிடுகிற தம்பி தங்கைகளுக்கு

வன்னிப் பிள்ளைகள் வியூக விளையாட்டுகளுக்கு மொட், அதாவது இருக்கிற விளையாட்டில் சேர்க்கிற மாற்றத் தொகுப்பு, செய்யத் தொடங்கியிருப்பதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் ஒரு கோரிக்கை. வெளியிட்டதும் அதை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். முதல் நாள் எல்லாரும் வாழ்த்துவார்கள். சில மாதம் கழித்து விளையாட்டு அப்டேட் ஆகும், மொட் வேலை செய்யாது, கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கிற நல்ல வேலைகளைப் பார்த்து மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது பெரும்பாலும் அன்சிவ் பற்றி. 2010இல் வந்த சிவிலைசேஷன் 5 விளையாட்டின் விதிகளை ஒட்டி ஆர்வலர்கள் கட்டியெழுப்பிய திறந்த மூல விளையாட்டு அது. இலவசம். சாதாரண ஆண்ட்ரொயிட் போனில் ஓடும், இணையம் இல்லாமலும் விளையாடலாம். எங்கள் பக்கத்தில் கிராபிக்ஸ் கார்ட் போட்ட கணினி எத்தனை வீட்டில் இருக்கிறது? போன் காணும் என்பதால்தான் மல்லாவியில் ஏ.எல். படிக்கிற ஒரு பெடியனுக்கும் இது கைக்கெட்டுகிறது. நாடுகள், படைகள், கட்டடங்கள் எல்லாம் ஜேசன் கோப்புகளில் வெறும் எழுத்தாக இருக்கும். அவற்றை எழுதி கிட்ஹப் என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தில் போட்டால் விளையாட்டுக்குள்ளிருந்தே மற்றவர்கள் இறக்கிக்கொள்ளலாம்.

எழுதுவது சுலபம், எண்களைச் சரியாக வைப்பதுதான் கஷ்டம். நாங்கள் சிலர் சேர்ந்து பராமரிக்கிற வன்னி மொட்டில் குளம், நிலத்தில் கட்டுகிற ஒரு தனி மேம்பாடு. மூல விளையாட்டில் ஆற்றையோ ஏரியையோ ஒட்டிய வயலுக்கு சிவில் சேர்விஸ் என்ற தொழில்நுட்பம் கிடைத்ததும் உணவு ஒன்று கூடும். தண்ணீர் இல்லாத வயல் பேர்ட்டிலைசர் வரும்வரை காத்திருக்க வேண்டும், அது பல நூற்றாண்டு தள்ளி வரும். வன்னியை அப்படி வைக்க ஏலாது. கனகராயன் ஆற்றை இரணைமடுவில் மறித்திருக்காவிட்டால் கிளிநொச்சி வயல்களுக்குச் சிறுபோக நெல் ஏது? அதனால் குளத்தைச் சுற்றி எத்தனை வயல் இருக்கிறதோ அத்தனைக்கும் உணவு கூடும்படி எழுதினோம். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. உணவு கூடினால் குடிகள் பெருகும். ஒவ்வொரு குடியும் ஒரு அறிவியல் புள்ளி தரும். அறிவியல் முந்தினால் எதிரி வாளோடு நிற்கிறபோது எங்களிடம் துவக்கு வந்துவிடும். உணவில் ஒரே ஒரு எண், முழு ஆட்டத்தையும் சாய்த்துவிடுகிறது. குளம் கட்டி முடிக்க எடுக்கும் காலத்தைக் கூட்டி, சமதரையில் மட்டும் கட்டலாம் என்று மட்டுப்படுத்திய பிறகுதான் எதிரில் விளையாடுபவருக்கும் ஆட்டம் ருசித்தது.

இதைவிட அதிகமாக வருகிற முறைப்பாடு, ஆங்கிலேயரை எதிர்த்த வன்னித் தலைவர் பண்டாரவன்னியன் பற்றியது. ஏன் அவருக்கு இன்னும் பலம் கொடுக்கவில்லை என்று கோபமாகவே கேட்கிறார்கள். தம்பி, அவர் 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தவர். அதே ஆண்டு கற்சிலைமடுவில் ஆங்கிலேயப் படை அதிகாரி டிறிபேர்க்கின் படையிடம் தோற்றவர். தன்னைவிடப் பன்மடங்கு பெரிய பலத்தோடு மோதிய மனிதர் என்பதால்தானே அவரை நினைக்கிறோம்? தொட்டதெல்லாம் வெல்கிற தலைவராக அவரை மாற்றினால் அந்தத் துணிவு எங்கே தெரியும்? சொந்த நிலத்துக் காட்டுக்குள் சண்டையிடும்போது மட்டும் அவர் படைக்குக் கூடுதல் பலம். அதற்கு மேல் கூட்ட மாட்டோம். எவ்வளவு கேட்டாலும் இதுதான் என் பதில்.

2009இல் நடந்த இறுதிப் போரை வைத்து ஒரு காட்சி செய்யச் சொல்பவர்களுக்கும் இல்லை என்றுதான் சொல்கிறோம். அதற்குள்ளால் வந்தவர்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள்.

யானை விஷயம் வேறு. விளையாட்டில் யானை நிற்கிற வளத்துக்குப் பெயர் தந்தம். இலங்கை ஆண் யானைகளில் தந்தம் உள்ளவை மிகக் குறைவு. வன்னியை ஆண்ட வன்னியர்கள் ஒல்லாந்தருக்குத் திறையாகக் கொடுத்தவையும் உயிருள்ள யானைகள்தான். பெயரை மாற்ற எனக்கும் ஆசை. ஆனால் அடிப்படை விதிகள் பல அந்தப் பெயரைச் சொல்லித்தான் அந்த வளத்தைத் தேடுகின்றன. மாற்றினால் அவை அறுந்துபோகும். ஆகவே பெயரை விட்டுவைத்து, வன்னிக்கு அந்த வளத்தில் தங்கம் கூட்டி, காரணத்தை விளக்கக் குறிப்பில் எழுதினோம்.

இனி அப்டேட். அன்சிவ்வுக்குப் புதிய பதிப்புகள் அடிக்கடி வரும். ஒரு படைக்கோ கட்டடத்துக்கோ உள்ள சிறப்புத் தன்மையை அதில் ஒரு குறிப்பிட்ட ஆங்கில வசனமாகத்தான் எழுத வேண்டும். அந்த வசனத்தின் அமைப்பை அன்சிவ்வை உருவாக்குபவர்கள் மாற்றினால் பழையது சில காலம் எச்சரிக்கையோடு ஓடும், பிறகு செல்லாது. பிழை பார்க்கிற வசதி விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. புதிய பதிப்பு வந்ததும் அதை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. பாதி ஆட்டத்தில் இருப்பவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு படையின் பெயரை யோசிக்காமல் மாற்றினால் அவர்கள் சேமித்து வைத்த ஆட்டம் திறக்காமல் போகலாம். என்ன மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று இரண்டு வரி எழுதிவையுங்கள்.

சரி, எல்லாருக்கும் காலம் முழுக்க நேரம் இருக்காது. சோதனை வரும், வேலை வரும், சிலர் வெளிநாடு போவீர்கள். அப்போது வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். டோட்டா என்ற விளையாட்டு அப்படித்தான் வளர்ந்தது. வோர்கிராப்ட் 3 என்ற விளையாட்டுக்கு யூல் என்ற புனைபெயர்க்காரர் செய்த வரைபடம் அது. அவர் விலகிய பிறகு மற்றவர்கள் அதை எடுத்து வளர்த்தார்கள். கின்சூ என்பவருக்குப் பிறகு ஐஸ்புரொக் என்பவர் கைக்குப் போனது. அந்த வழியில் வந்ததுதான் 2013இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட டோட்டா 2. முதல் ஆளோடு அது நின்றிருந்தால் இன்று யாருக்குத் தெரிந்திருக்கும்? கையளிக்க முடிய வேண்டுமானால் உரிமம் தெளிவாக இருக்க வேண்டும். பிறர் வரைந்த சின்னங்களை எடுத்திருந்தால் அவர்கள் பெயரைக் கட்டாயம் போடுங்கள். பெயர் போடாத படம் ஒன்றால் முழு மொட்டும் முடங்கிப்போவதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் மொட்டுக்கும் ஆள் வேண்டும். குளத்துக்கு ஒரு நல்ல சின்னம் இல்லை, இப்போது இருப்பது வெறும் நீல வட்டம். அணைக்கட்டும், தண்ணீர் திறந்துவிடுகிற துருசும் தெரிய, போன் திரையில் சிறிதாகப் பார்த்தாலும் குளம் என்று விளங்க வேண்டும். வரையத் தெரிந்தவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள். கோப்புகள் எங்கே இருக்கின்றன, எதை எப்படிச் சோதிப்பது என்று எல்லாம் சொல்லித் தருகிறேன்.