சொந்த மைதானத்துக்கு நூறு கிலோமீட்டர்

2022 மே 1, ஞாயிற்றுக்கிழமை. அயர்லாந்தின் மன்ஸ்டர் மாகாண ஹர்லிங் போட்டியில் கார்க் அணிக்கும் கிளேர் அணிக்கும் ஆட்டம். ஹர்லிங் என்பது மட்டையால் பந்தை அடித்து ஆடும் ஐரிஷ் ஆட்டம். அட்டவணைப்படி அது கார்க்கின் சொந்த மண்ணில் நடக்க வேண்டியது. நானும் என் மகனும் சிவப்புச் சட்டை மாட்டிக்கொண்டு, தயிர்சாதத்தைக் கட்டிக்கொண்டு, வடக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் காரில் போய், டிப்பரரி கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) தர்லஸ் நகரில் இருக்கும் செம்பிள் மைதானத்தில் அந்தச் 'சொந்த மண்' ஆட்டத்தைப் பார்த்தோம். அதற்கு முந்தைய வியாழனும் வெள்ளியும் கார்க்கின் பார்க் ஈ கீவ் மைதானத்தில் எட் ஷீரன் பாடியிருந்தார். அதனால் எங்கள் மைதானம் எங்கள் அணிக்குக் கிடைக்கவில்லை. கிளேர் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் வென்றது. திரும்பும் வழியில் மகன் தூங்கிவிட்டான். நமக்குப் பழகிய புல்தரையும் நம் கூட்டத்தின் இரைச்சலும் இருந்திருந்தால் அந்த இரண்டு புள்ளி எங்கே போயிருக்கும் என்று கணக்குப் போட்டபடியே வண்டியை ஓட்டி வந்தேன்.

ஹர்லிங் ஆட்டத்தைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் இங்குள்ள தமிழ் நண்பர்கள் சிலர் "தோற்றதற்கா இவ்வளவு கோபம்?" என்று கேட்கிறார்கள். தோல்வி எங்களுக்குப் பழகிவிட்டது. அகில அயர்லாந்து ஹர்லிங் பட்டத்தை முப்பது முறை வென்ற கார்க், அதற்கான லியம் மெக்கார்த்தி கோப்பையைக் கடைசியாகத் தூக்கியது 2005-ல். அதன் பிறகு 2006, 2013, 2021, 2024, 2025 என்று ஐந்து இறுதிப் போட்டிகளில் தோற்றிருக்கிறோம். 2025-ல் இடைவேளையின்போது டிப்பரரியைவிட ஆறு புள்ளி முன்னிலையில் இருந்த அணி, இரண்டாம் பாதி முழுவதிலும் இரண்டே இரண்டு புள்ளி எடுத்து, பதினைந்து புள்ளியில் தோற்றது. அன்று டப்ளினிலிருந்து வந்த ரயிலில் ஒருவரும் யாரையும் திட்டவில்லை. அழுதவர்கள் அழுதார்கள், மற்றவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோபம் வருவது வேறு இடத்தில்: எங்கள் பணத்தாலும் எங்கள் உழைப்பாலும் ஓடுகிற ஒன்றைப் பற்றிய முடிவுகளை, எடுத்து முடித்த பிறகு, செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே, அந்த இடத்தில்.

அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். 1884-ல் தர்லஸில் தொடங்கப்பட்ட ஜி.ஏ.ஏ. எனப்படும் கேலிக் விளையாட்டுச் சங்கத்தில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. எண்பதாயிரம் பேர் முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஆடிய இளைஞர், இரண்டு நாள் கழித்துத் தன் அன்றாட வேலையில் இருப்பார். ஊருக்கு ஊர் கிளப்புகள் உண்டு. கார்க்கில் மட்டும் 250-க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. அந்தக் கிளப்புகள் அனுப்பும் பிரதிநிதிகள் கூடுவதுதான் கவுண்டி போர்டு. தலைவர், பொருளாளர் முதலியோரைப் பிரதிநிதிகள் ஆண்டு மாநாட்டில் தேர்ந்தெடுப்பார்கள். அன்றாட நிர்வாகத்தை முழுநேரச் செயலர் பார்த்துக்கொள்வார், இன்று அவரைத் தலைமை நிர்வாக அதிகாரி என்கிறார்கள். ஏட்டளவில் பார்த்தால் இதைவிட ஜனநாயகமான விளையாட்டு அமைப்பு உலகத்தில் அரிது. முதலாளி கிடையாது, பங்குதாரர் கிடையாது, பணக்காரர் ஒருவர் விமானத்தில் வந்திறங்கி அணியை விலைக்கு வாங்கிவிட முடியாது.

நடைமுறையில் இந்த ஏணியின் ஒவ்வொரு படியிலும் கேள்வி கொஞ்சம் கரைகிறது. ரசிகர் கிளப்பில் கேட்க வேண்டும், கிளப் பிரதிநிதியிடம் சொல்ல வேண்டும், பிரதிநிதி கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டும். பெரும்பாலான கூட்டங்களில் நிர்வாகிகள் அறிக்கை வாசிக்கிறார்கள், ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிகிறார், எல்லோரும் நேரத்தோடு வீடு போய்ச் சேர்கிறார்கள். கூட்டத்தில் எதிர்த்துப் பேசிய கிளப்புக்கு அடுத்த ஆண்டு ஆட்ட அட்டவணையில் சங்கடம் வரும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அது உண்மையா என்பதைவிட, இப்படி நம்பப்படுவதே ஓர் அமைப்புக்குப் போதுமான அவமானம் என்று நினைக்கிறேன்.

பார்க் ஈ கீவ் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜி.ஏ.ஏ.வின் பொதுச் செயலராக 1929 முதல் 1964 வரை இருந்த பாட்ரிக் ஓ கீவின் பெயரில் 1976-ல் திறக்கப்பட்ட மைதானம் அது. பழையதை இடித்துவிட்டு 2017-ல் புதியதைத் திறந்தார்கள். 7, 8 கோடி யூரோவுக்குள் முடியும் என்று பேசப்பட்ட வேலை கடைசியில் 9.6 கோடி யூரோவை எட்டியது. அரசு 3 கோடி கொடுத்தும் ஏறக்குறைய அதே அளவு கடன் மிஞ்சியது. கோடிகள் கொட்டிக் கட்டிய மைதானத்தின் புல்தரை இரண்டே ஆண்டில் கெட்டு, 2019-ல் முழுவதையும் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், மதிப்பீடு எப்போதும் கூடத்தான் செய்யும். ஆனால் வீட்டுக்காரருக்கு மேஸ்திரி கணக்குக் காட்டுவார். ஒரு கட்டத்தில் மொத்தச் செலவு எவ்வளவு என்பதிலேயே டப்ளினில் இருந்த தலைமையகத்தின் ஆள் ஒரு தொகையும் கார்க் தரப்பு வேறொரு தொகையும் சொல்ல, பிள்ளைகளின் ஹெல்மெட்டுக்காகப் பரிசுச்சீட்டுப் புத்தகம் விற்றுக்கொண்டிருந்த நாங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தோம்.

அந்தக் கடனின் நிழலில்தான் மற்றதெல்லாம் நடக்கிறது. இசை நிகழ்ச்சிகளை நான் எதிர்க்கவில்லை. கடன் அடைய வேண்டுமானால் பாட்டுக்காரர்கள் வரத்தான் வேண்டும், எட் ஷீரன் எனக்கும் பிடிக்கும். 2018-ல் மன்ஸ்டர் போட்டிக்கு வந்த புதிய முறைப்படி, இறுதிப் போட்டிக்கு முந்தைய சுற்றில் ஒவ்வொரு கவுண்டிக்கும் நான்கே ஆட்டம், அதில் சொந்த மண்ணில் இரண்டே இரண்டு. அந்த இரண்டில் ஒன்றை மேடைக்கு விட்டுக்கொடுக்கலாமா என்பதை விவாதித்திருக்க வேண்டிய இடம் கிளப்புகளின் கூட்டம், அதுவும் ஒப்பந்தத்துக்கு முன்னால். அதே ஆண்டில் கார்க்கின் கேலிக் கால்பந்து அணிக்கு வந்த கதை இன்னும் தெளிவானது. (கேலிக் கால்பந்தும் ஜி.ஏ.ஏ. நடத்தும் ஆட்டம்தான்.) கெர்ரிக்கு எதிரான மன்ஸ்டர் அரையிறுதியைக் கெர்ரியின் ஊரான கில்லார்னிக்கு மாற்ற முயன்றபோது, நகரத்திலேயே இருக்கும் சிறிய மைதானமான பார்க் ஈ ரின்னில் ஆடினால் ஆடுவோம், இல்லையென்றால் இல்லை என்று ஆட்டக்காரர்கள் நின்றார்கள். ஆட்டம் பார்க் ஈ ரின்னில்தான் நடந்தது. முடியவே முடியாது என்பது, யாராவது நின்று கேட்டால், முடிந்துவிடுகிறது.

2018-லும் இதே பாடம்தான். கார்க்கில் பிறந்து செல்டிக்கிலும் மான்செஸ்டர் யுனைடெட்டிலும் சாக்கர், அதாவது உலகமே ஆடும் கால்பந்து, ஆடிய லியம் மில்லர் முப்பத்தாறு வயதில் புற்றுநோயால் இறந்தார். அவர் குடும்பத்துக்காக ஒரு சாக்கர் ஆட்டம் நடத்த பார்க் ஈ கீவ் மைதானத்தைக் கேட்டபோது, ஜி.ஏ.ஏ. மைதானத்தில் வேற்று ஆட்டத்துக்கு விதி இடம் தராது என்றார்கள். மக்கள் பணம் 3 கோடி வாங்கிக் கட்டிய மைதானத்தில் விதியா என்று ஊர் கொந்தளித்த பிறகு அனுமதி வந்தது, செப்டம்பரில் ஆட்டமும் நடந்தது, மைதானம் நிரம்பி வழிந்தது. முதல் நாளே பெருந்தன்மையாகச் செய்திருக்கக்கூடியதை, வசவு வாங்கிக்கொண்டு செய்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் எனக்கு வலித்தது 2024 ஜனவரி. மைதானத்தின் பெயரை ஒரு பல்பொருள் அங்காடி நிறுவனத்துக்கு விற்கும் பேச்சு நடக்கிறது, இனி அது 'சூப்பர்வேல்யூ பார்க்' என்றிருக்கும் என்று செய்தி வந்தது. அறுபதாண்டுகளுக்கு முன் இறந்த மனிதரின் குடும்பம் வருத்தம் தெரிவித்தது. துணைப் பிரதமராக இருந்த மிஹால் மார்ட்டின், அவரும் கார்க்வாசிதான், பொதுவெளியில் எதிர்த்தார். கடைசியில் 'சூப்பர்வேல்யூ பார்க் ஈ கீவ்' என்று இரண்டு பெயரையும் ஒட்டவைத்துச் சமாளித்தார்கள். பிரதிநிதிகளும் அதை ஏற்றார்கள். பணம் தேவை என்பதை யாரும் மறுக்கவில்லை. பெயரை வைத்துக்கொண்டே விற்கலாமே என்ற யோசனை, கேட்டிருந்தால் எந்தக் கிளப்பின் டீக்கடைப் பேச்சிலும் ஐந்து நிமிடத்தில் வந்திருக்கும்.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததில்லை. 1970களின் தொடக்கத்திலிருந்து 2018 வரை ஒரே மனிதர், ஃபிராங்க் மர்ஃபி, செயலராக இருந்தார். விதிப்புத்தகத்தை அவரளவுக்கு அறிந்தவர் அயர்லாந்து முழுவதிலும் இல்லை என்று எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். அவர் காலத்தில் கார்க் நிறையக் கோப்பைகளையும் வென்றது. அதே காலத்தில்தான் ஏழே ஆண்டுகளில் மூன்று முறை ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், சம்பளமே இல்லாதவர்கள் செய்த வேலைநிறுத்தம்! 2002-ல் அவர்கள் கேட்டவை மருத்துவர், ஒழுங்கான பயண ஏற்பாடு, உடற்பயிற்சிக்கூடம் போன்றவை. கேட்டது கிடைத்தது, 2004-லும் 2005-லும் கோப்பையும் வந்தது. இரண்டும் தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை. 2007 இறுதியில் தொடங்கிய இரண்டாவது சண்டை, பயிற்சியாளருக்குத் துணைத் தேர்வாளர்களை யார் நியமிப்பது என்பது பற்றியது. மூன்றாவது, ஹர்லிங் பயிற்சியாளர் ஜெரால்டு மெக்கார்த்தியை ஆட்டக்காரர்களின் எதிர்ப்பை மீறி மீண்டும் நியமித்ததால் வந்தது. 2009 பிப்ரவரியில் ஆயிரக்கணக்கானோர் கார்க் நகரத் தெருக்களில் ஆட்டக்காரர்களுக்காக ஊர்வலம் போனார்கள். மார்ச்சில் மெக்கார்த்தி விலகினார், தனக்குக் கொலை மிரட்டல் வந்ததாகச் சொல்லிவிட்டு. அந்த மிரட்டலை விடுத்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் எங்கள் பக்கத்து ரசிகர்களாக இருக்கலாம் என்பதை மறைத்து எழுத மனம் வரவில்லை. தானும் கார்க்குக்காக ஆடிக் கோப்பைகள் வென்ற மனிதர் அவர். கதவு திறக்காத இடத்தில் கல்லெறிபவர்கள் வந்து சேருவார்கள், ஆனால் கல் கல்தான்.

2018-க்குப் பிறகு நிலைமை மாறவில்லை என்று சொன்னால் அது பொய். புதிய நிர்வாகம் திட்டம் எழுதிச் செயல்பட்டது, கிளப் போட்டிகளின் குழப்பமான அமைப்பை ஒழுங்குபடுத்தியது, இளையோர் பயிற்சியைக் கவனித்தது. 20 வயதுக்கு உட்பட்டோர் கோப்பை 2020, 2021, 2023 ஆண்டுகளில் வந்தது. 2025-ல் லீக் பட்டமும் மன்ஸ்டர் பட்டமும் வந்தன. மைதானம் நிரம்புகிறது, நுழைவுச்சீட்டுக்கு அடிதடி. அதனாலேயே சிலர், "எல்லாம் நன்றாகத்தானே போகிறது, இப்போது எதற்குக் கேள்வி?" என்கிறார்கள். தோற்கும்போது கேட்டால் வயிற்றெரிச்சல், ஜெயிக்கும்போது கேட்டால் கெடுமதி. கேட்பதற்கு நல்ல நாள் பஞ்சாங்கத்திலேயே இல்லை போலும்.

எங்கள் கிளப்பின் பெயரை எழுதப் போவதில்லை, அவர்கள் நல்லவர்கள். என் மகனுக்கு ஆறு வயதில் ஹர்லி மட்டையைக் கையில் கொடுத்து, நெற்றியில் பந்து பட்டு அழுதபோது தூக்கிக்கொண்டவர்கள். ஒரு குளிர்கால இரவில் ஆண்டுக்கூட்டம். உடைமாற்றும் அறைக்கு மேலே உள்ள கூடத்தில் முப்பது நாற்காலி, பாதி காலி. மூலையில் டீ கொதிக்கும் பாத்திரம் உறுமிக்கொண்டிருந்தது. வேறு விஷயங்கள் உண்டா என்று தலைவர் கேட்டபோது நான் கையைத் தூக்கி, மைதானப் பெயர் விஷயத்தில் நம் பிரதிநிதி எந்தப் பக்கம் வாக்களித்தார், அதற்கு முன் நம்மிடம் கேட்டாரா என்று கேட்டேன். அறையில் டீப்பாத்திரத்தின் சத்தம் மட்டும் இருந்தது. பிரதிநிதி, தங்கமான மனிதர், மாடு கறக்கும் வேலையை முடித்துவிட்டு அப்படியே வந்திருந்தவர், முகம் சிவந்து, "கைதூக்கச் சொன்னார்கள், எல்லோரும் தூக்கினார்கள்" என்றார். பொய்யோ சூழ்ச்சியோ அதில் துளியும் இல்லை. வீட்டுக்கு வந்தும் அந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை.

ஆகவே நான் ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறேன். கவுண்டி போர்டில் பெரிய தொகை, மைதானம், பயிற்சியாளர் நியமனம் பற்றிய எந்த வாக்கெடுப்பானாலும் அதன் விவரம் கிளப்புகளுக்குப் பதினைந்து நாள் முன்னதாக எழுத்தில் வர வேண்டும், எங்கள் பிரதிநிதி எப்படி வாக்களித்தார் என்பதை அடுத்த கிளப் கூட்டத்தில் சொல்ல வேண்டும். இவ்வளவுதான். முதல் பாதி மாநாட்டுக்குப் போக வேண்டியது. இரண்டாவது பாதியை நாங்களே செய்துகொள்ளலாம், யார் அனுமதியும் தேவையில்லை.

வழிமொழிய ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் காகிதத்தைக் கொடுத்தேன். பழைய மைதானம் திறந்த 1976-லிருந்து ஆட்டம் பார்க்கிறவர், 2009 ஊர்வலத்தில் நடந்தவர். கண்ணாடியைத் தேடி எடுத்து இரண்டு முறை படித்தார். கார்க்கில் எந்த வாக்கியத்தையும் 'பாய்' (ஆங்கிலத்தின் boy) என்று முடிப்பார்கள், நம் 'தம்பி' மாதிரிதான் அது. "கையெழுத்துப் போடுகிறேன், தம்பி. ஆனால் இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் உன்னையே அடுத்த பிரதிநிதியாக ஆக்கிவிடுவார்கள், தெரியுமா? மாதக் கூட்டத்துக்கு மழையில் வண்டி ஓட்டிப் போக வேண்டியிருக்கும்" என்றார். தெரியாது என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.