அந்த ஓடுதளத்தை வெட்டியது யார்?

எளிதில் போக முடியாத ஊர்களுக்குக் கிறிஸ்தவ ஊழிய அமைப்புகள் ஓட்டும் சிறிய விமானம்தான் மிஷனரி விமானம். அதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு தரப்புக்கு அந்த விமானி தியாகி. இன்னொரு தரப்புக்கு அவர் மதம் மாற்றுவதற்காக வானத்திலிருந்து இறங்குகிறவர். இரண்டு தரப்பும் விமானியையே பார்க்கிறது. அவர் இறங்குகிற ஓடுதளத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

பாப்புவா நியூ கினியின் மலைநாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்கு விமானத்தில் சில நிமிடங்கள்தான். நடந்து போனால் நாள்கணக்கில் ஆகும். அங்குள்ள பல ஓடுதளங்களை ஒப்பந்தக்காரர் யாரும் இயந்திரம் கொண்டுவந்து போடவில்லை. ஊர்மக்களே மண்வெட்டியும் கம்புமாகச் சேர்ந்து, மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் வெட்டியவை அவை. சிலது 500 மீட்டர் நீளம்கூட இருக்காது. மலைச்சரிவிலேயே வெட்டியிருப்பதால் 10 சதவீதத்துக்கு மேல் சாய்ந்திருக்கும் ஓடுதளங்களும் உண்டு. அவற்றில் மேட்டைப் பார்த்து இறங்க வேண்டும், பள்ளத்தைப் பார்த்துக் கிளம்ப வேண்டும். இறங்கும்போது ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் 'சரி, இன்னொரு சுற்று சுற்றி வரலாம்' என்று விமானியால் மனம் மாற முடியாது. எதிரே மலை நிற்கிறது. மதியத்துக்கு மேல் மேகம் கவிந்துவிடும் என்பதால் முடிந்தவரை காலையிலேயே பறந்து முடிக்கப் பார்ப்பார்கள். பயணி, மூட்டை, மருந்துப் பெட்டி எல்லாமே தராசில் ஏறி இறங்கிய பிறகுதான் விமானத்துக்குள் போகும்.

ஓடுதளத்தை வெட்டியதோடு வேலை முடிந்துவிடாது. புல்லை வெட்ட வேண்டும், மழைத்தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் எடுக்க வேண்டும், குழி விழுந்தால் அடைக்க வேண்டும். ஊர் இதையெல்லாம் நிறுத்திவிட்டால் விமானமும் நின்றுவிடும். அதனால்தான் சொல்கிறேன், அப்படிப்பட்ட ஓடுதளம் அந்த மக்கள் தங்கள் கையால் எழுதிக் கொடுத்த அழைப்பு. பிரசவத்தில் சிக்கிய பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும், தடுப்பூசியும் பாடப்புத்தகமும் வந்து சேரவும், விளைந்த காப்பிக்கொட்டையைச் சந்தைக்கு அனுப்பவும்தான் அவர்கள் அழைத்தார்கள். அவர்களை ஏமாந்தவர்கள் என்று தூரத்தில் உட்கார்ந்து சொல்வது அவர்களுடைய உழைப்பையும் புத்தியையும் அவமதிப்பது.

இந்த ஊழியத்தின் தொடக்கமும் எனக்குப் பிடித்தது. இரண்டாம் உலகப் போரில் பறந்தவர்கள் சிலர், கற்ற வித்தையை வேறு எதற்காவது பயன்படுத்த வேண்டும் என்று நினைத்தார்கள். அமெரிக்காவில் 1945-ல் அவர்கள் தொடங்கிய அமைப்புதான் பின்னாளில் மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப் ஆனது. அதன் முதல் பயணத்தை 1946-ல் மெக்சிகோவுக்கு ஓட்டியவர் பெட்டி கிரீன் என்ற பெண். 2020 மே மாதம் இந்தோனேசியாவின் பாப்புவாவில், கொரோனா பரிசோதனைக் கருவிகளை மலைக்கிராமத்துக்குக் கொண்டுபோகக் கிளம்பிய அதே அமைப்பின் பெண் விமானி ஜாய்ஸ் லின், சென்டானி ஏரியில் விமானம் விழுந்து இறந்தார். அவர் அமெரிக்காவின் எம்ஐடியில் படித்தவர், எங்கே வேண்டுமானாலும் வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரை மதமாற்ற வியாபாரி என்று யாராவது சொன்னால் எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

ஆனால் அழைக்காத இடத்துக்குப் போன கதையும் இதே வரலாற்றில்தான் இருக்கிறது. அதைத் திருச்சபைகளுக்குள் நாம் பாதிதான் சொல்கிறோம். 1955-ல் ஈக்வடார் காட்டில் நேட் செயின்ட் என்ற விமானி, வட்டமடிக்கும் விமானத்திலிருந்து நீளமான கயிற்றில் வாளியை இறக்கி, வாவோரானி மக்களுக்குப் பரிசுகள் கொடுத்தார். அவர்களும் பதிலுக்கு வாளியில் பொருள்கள் வைத்து அனுப்பினார்கள். அதை நம்பி ஆற்று மணல்திட்டில் இறங்கிய நேட் செயின்டும் சக மிஷனரிகள் நால்வரும் 1956 ஜனவரி 8 அன்று ஈட்டிகளால் குத்திக் கொல்லப்பட்டார்கள். கொல்லப்பட்டவர்களின் குடும்பப் பெண்களே பிறகு அதே மக்களோடு போய் வாழ்ந்தார்கள். இந்த மன்னிப்பின் கதையைக் கேட்டுத்தான் நம்மில் பலர் வளர்ந்தோம். நானும் அதை மதிக்கிறேன்.

அப்புறம் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? எண்ணெய் நிறுவனங்கள் அந்தக் காட்டுக்குள் நுழைந்த காலத்திலேயே, பரந்து திரிந்த வாவோரானி மக்களில் பெரும்பகுதியினர் மிஷன் இருந்த சிறிய பகுதிக்குள் குடியமர்த்தப்பட்டார்கள். 1969-ல் அங்கே போலியோ பரவியது. பலர் இறந்தார்கள், பிழைத்தவர்களில் சிலர் முடமானார்கள். வெளியுலகத்தோடு தொடர்பில்லாத ஒரு சமூகத்துக்கு நம் மூச்சுக்காற்றே ஆபத்து. நம் நோக்கம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கிருமி அதைப் பார்த்து ஒதுங்காது. 2020-ல், அப்படிப்பட்ட சமூகங்கள் வாழும் பிரேசிலின் ஜவாரி பள்ளத்தாக்குக்குள் மிஷனரிகள் நுழையக் கூடாது என்று ஒரு நீதிபதி தடை விதித்தார். அந்தத் தடையைக் கேட்டு வழக்குப் போட்டது அங்குள்ள பழங்குடி மக்களின் சொந்த அமைப்பு. அழைப்பை மதிக்கிற நாம் 'வராதே' என்பதையும் அதே அளவு மதிக்க வேண்டும். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

அழைத்த இடத்திலும் ஒரு பிரச்சினை இருக்கிறது. ஊருக்கு வெளியே போக ஒரே வழி விமானம்தான், அந்த விமானமும் ஒரே அமைப்பின் கையில் என்றால், அந்த அமைப்புக்கு எவ்வளவு பெரிய அதிகாரம்! யாருக்கு இடம், யாருடைய மூட்டை முதலில், எந்தச் சபையைச் சேர்ந்த ஊருக்கு விமானம் அடிக்கடி வரும் என்பதெல்லாம் சாதாரணக் கேள்விகள் இல்லை. நோயாளியின் மதத்தைக் கேட்காமல் ஏற்றிக்கொள்வதைத்தான் நான் ஊழியம் என்பேன்.

இந்த விஷயத்தில் எனக்கு முன்மாதிரி ஆஸ்திரேலியாவின் ஜான் ஃப்ளின். பிரெஸ்பிட்டேரியன் போதகர். 1928 மே மாதம் குயின்ஸ்லாந்தின் குளோன்கரியில் பறக்கும் மருத்துவர் சேவையைத் தொடங்கினார். விமானத்தைக் குவாண்டாஸ் விமான நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்தார். விமானம் மட்டும் இருந்து என்ன பயன், ஆபத்தில் இருக்கிறவர் கூப்பிட வேண்டுமே? அதற்கு ஆல்ஃபிரட் டிரேகர், மின்சாரமே இல்லாத வீட்டிலும் காலால் மிதித்து இயக்கக்கூடிய வானொலிக் கருவியைச் செய்தார். 1929-லிருந்து அது புழக்கத்துக்கு வந்தது. விமானம் எப்போது வர வேண்டும் என்பதைச் சொல்லும் உரிமை இதனால் தூரத்துப் பண்ணைவீடுகளுக்குக் கிடைத்தது. ஃப்ளின்னின் மிஷன் வெள்ளைக் குடியேறிகளைத்தான் முதலில் கவனித்தது, பூர்வகுடிகளை ஒதுக்கியது என்ற குற்றச்சாட்டு அவர் காலத்திலேயே எழுந்தது. அது நியாயமானதும்கூட. ஆனாலும் அவர் செய்த ஒரு காரியத்துக்காக அவரைச் சொல்கிறேன். திருச்சபை தொடங்கிய அந்தச் சேவை, 1930-களில் எல்லாருக்கும் பொதுவான ஒரு தேசிய அமைப்பின் கைக்குப் போனது. இன்று ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸ் என்ற பெயரில் பறப்பது அதுதான்.

'இது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை' என்கிறவர்களோடு நான் சண்டை போடவில்லை. அரசாங்கம் செய்யட்டும். அதுவரை பிரசவ வலியில் இருக்கிறவள் காத்திருக்க முடியாது என்பது மட்டும்தான் என் பதில். சபையில் விமான ஊழியத்துக்குக் காணிக்கை கேட்டால் நான் மனதாரக் கொடுப்பேன். கொடுக்கும்போதே, அந்த ஊர் உங்களை அழைத்ததா, அந்த மலைகளில் பிறந்த எத்தனை பேருக்கு விமானம் ஓட்டவும் பழுது பார்க்கவும் பயிற்சி கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்பேன். நீங்களும் கேளுங்கள்.