டோடோ தின்றால்தான் முளைக்குமா?

தம்பி, நீங்க போட்ட மொரிசியஸ் மக்காபே காட்டுத் தாம்பலாகோக் மரத்தின் படம் அருமை. அதோடு எழுதியதுதான் இடிக்கிறது: "மொரிசியஸில் மிச்சம் 13 மரம்தான், எல்லாமே 300 வயசு, டோடோ தின்று கழித்தால்தான் கொட்டை முளைக்கும்."

டோடோ சில நூற்றாண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன மொரிசியஸ் பறவை. இந்தக் கதையை 1977இல் சொன்னவர் சூழலியலாளர் ஸ்டான்லி டெம்பிள். டோடோவுக்குப் பதிலாக வான்கோழிகளுக்கு 17 கொட்டைகளைப் புகட்டினார். 7 நொறுங்கின, மிஞ்சிய 10இல் 3 முளைத்தன. வான்கோழி வயிற்றுக்குள் போகாத கொட்டைகளைப் பக்கத்தில் ஊன்றி ஒப்பிடவே இல்லை! அந்தக் கொட்டையின் ஓட்டில் ஒரு கோடு உண்டு. முளை உள்ளிருந்து தள்ளும்போது அந்தக் கோட்டில் ஓடு மூடிபோல் கழன்றுவிடும். இதைத் தாவரவியலாளர் ஹில் 1941லேயே எழுதிவிட்டார். மரங்களும் சில நூறு இருக்கின்றன, இளசுகள் உட்பட. டோடோ என்று சொன்னால் நம்மூரில் டீ-ஷர்ட் மட்டுமல்ல, கதையும் விற்கும்.

வயசு விஷயம்: இந்த மரத்தில் ஆண்டு வளையம் தெளிவாக விழாது. அடிமரச் சுற்றளவை வைத்து 300 என்பது ஊகம்.

மரத்தை நிஜமாகவே ஆவணப்படுத்த ஆசையா? படம் மட்டும் போதாது. இதே குடும்பத்து மற்ற மரங்களின் இளங்கன்றுகளோடு இதன் கன்று எளிதில் குழம்பும். இலையும் பூவோ காயோ உள்ள சிறு கிளை, அழுத்தி உலர்த்தியது, கூடவே இடம், உயரம், தேதி, நெஞ்சுயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு எழுதிய சீட்டு வேண்டும். மக்காபே காடு தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, அனுமதியில்லாமல் ஒரு இலையும் கிள்ளாதீங்க. முதலில் மொரிசியஸின் ரெதுய் ஊரில் உள்ள ஹெர்பேரியத்தில் (உலர்தாவரச் சேகரிப்பகம்) கேளுங்க.