லோ பீமைத் தூக்கி வைத்தால் எதிரே வருபவருக்குக் கூசும்

காரின் ஹெட்லைட்டில் லோ பீம் என்பது சாலையை நோக்கிக் கீழே விழும் வெளிச்சம். "லோ பீம்தானே, லைட்டின் ஸ்க்ரூவைத் திருப்பிக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தால் தூரம் தெரியும், யாருக்கும் கூசாது" என்று சிலர் சொல்வது தவறு, தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம்.

லோ பீம் கூசாமல் இருப்பதற்குக் காரணம் வெளிச்சம் குறைவு என்பதல்ல. அதன் மேல்பக்கம் ஒரு கோடு போட்டு வெட்டியது போல இருக்கும், அந்தக் கோடு எதிரே வருபவரின் கண்ணுக்குக் கீழே நிற்கும் வரைதான் அது லோ பீம். லைட் தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருந்து, 1 சதவீதம் (100 மீட்டருக்கு 1 மீட்டர்) கீழே சாய்ந்திருந்தால், கோடு 50 மீட்டரில் 15 செ.மீ. உயரத்தில் இருக்கும், 65 மீட்டரில் சாலையைத் தொடும். இதை ஒரே ஒரு டிகிரி தூக்குங்கள், 50 மீட்டரில் கோடு சுமார் 87 செ.மீ. ஏறி, ஒரு மீட்டர் உயரத்துக்கு வந்துவிடும், அதாவது எதிர் காரை ஓட்டுபவரின் கண் மட்டத்துக்குக் கிட்டத்தட்ட!

சரி, தூரம் தெரியவில்லை என்றால் முதலில் லைட்டின் கண்ணாடி மங்கியிருக்கிறதா, பல்ப் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹாலஜன் பல்புக்கான ரிஃப்ளெக்டரில் (பல்பின் வெளிச்சத்தை முன்னே திருப்பும் பளபளப்பான கிண்ணம்) எல்இடி பல்ப் மாட்டியிருந்தால் பெரும்பாலும் அந்தக் கோடே கலைந்துவிடும், ஸ்க்ரூவால் அதைச் சரிசெய்ய முடியாது.

லைட்டின் அலைன்மென்ட் பார்க்கும்போது சமதரை, சரியான டயர் காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர், லைட்டை ஏற்றி இறக்கும் லெவல் குமிழ் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். எத்தனை சதவீதச் சாய்வு என்பது பல கார்களில் பானெட்டுக்கு அடியிலோ லைட் மேலேயோ அச்சிட்டிருக்கும், அதையே வையுங்கள்.