ஐ7 என்றாலே ஐ5-ஐ விட வேகமா?

"எடை குறைந்த லேப்டாப்பா? கண்ணை மூடிக்கொண்டு ஐ7 வாங்குங்கள், ஐ5 எப்போதும் அதற்குக் கீழேதான்" என்று இன்டெல்லின் இந்த இரண்டு புராசஸர் (கணினியின் மூளையான சிப்) வகைகளைப் பற்றி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

லேப்டாப்களுக்கு 2022-இல் வந்த இன்டெல் 12-ஆம் தலைமுறையையே எடுத்துக்கொள்வோம். ஐ7-1255யு சிப்பில் வேகமான பெரிய கோர்கள் (கணக்கிடும் பகுதிகள்) 2 தான். ஐ5-1240பி சிப்பில் 4. சிறிய கோர்கள் இரண்டிலும் 8. அடிப்படை மின்அளவு முதலாவதற்கு 15 வாட், இரண்டாவதற்கு 28. அதனால் வீடியோ எடிட்டிங் போன்ற கனமான வேலைகளில், சூட்டை வெளியேற்றும் வசதி சரியாக இருந்தால், அந்த ஐ5 முந்திவிடும். எண்ணை மட்டும் பார்க்காமல் கடைசி எழுத்தையும் பாருங்கள்: இங்கே யு என்றால் குறைந்த மின்அளவு, பி என்றால் அதைவிட அதிகம்.

சரி, கிராபிக்ஸ்? இந்தச் சிப்களுக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், லேப்டாப்பின் ராமையே பங்குபோட்டுக்கொள்கிறது. ராம் ஒற்றைச் சேனலில் (தரவு செல்லும் ஒரே பாதையில்) ஓடினால் அந்த கிராபிக்ஸின் ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயரே போய், வெறும் யுஎச்டி என்றுதான் காட்டும். கேம்களில் வேகமும் குறையும். ஐ7-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை இரட்டைச் சேனல் ராமுக்குக் கொடுப்பது எவ்வளவோ மேல்.