மாத்திரை எழுதினால் பாலை நிறுத்த வேண்டுமா?

பால் கொடுக்கும் அம்மாவுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார்கள் என்றாலே, சுற்றியிருப்பவர்கள் முந்திக்கொண்டு சொல்வது: "எதுக்கும் இந்த வாரம் பால் கொடுக்காதே." கேட்க ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறது. எனக்கென்னவோ பெரும்பாலும் இது யோசிக்காமல் சொல்லும் பேச்சு என்றுதான் படுகிறது.

மருந்து பாலில் கலக்கும், மறுக்கவில்லை. எவ்வளவு கலக்கிறது என்று பார்க்க வேண்டாமா? அம்மா சாப்பிடும் அளவை அவர் எடைக்கும், பால் வழியாகப் போவதைக் குழந்தையின் எடைக்கும் வகுத்து ஒப்பிடுகிறார்கள். குழந்தைக்குப் போவது அம்மாவின் அளவில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகப் பயமில்லை என்பது மருத்துவக் கணக்கு. அமாக்சிசிலின் ஏறக்குறைய 1 சதவீதம்தான் வருகிறது. இதே அமாக்சிசிலினைக் காதில் தொற்று வந்த கைக்குழந்தைக்கு நேரடியாகவே சிரப்பாகக் கொடுக்கிறோம், அப்போது யாரும் பதறுவதில்லை. செஃபலெக்சின் போன்றவையும் பால் கொடுக்கும்போது வழக்கமாகத் தருபவைதான்.

எனக்கு அதிகம் கோபம் வருவது மார்பில் பால் கட்டித் தொற்றாகும்போது. மார்பு சிவந்து, கல்லாகி, குளிர்காய்ச்சலில் ஒருத்தி நடுங்கிக்கொண்டிருப்பாள். ஆன்டிபயாட்டிக் தேவைப்படுவதே அந்தத் தொற்றுக்குத்தான். அந்த நேரம் பார்த்துப் பாலைத் திடீரென்று நிறுத்தினால், பால் இன்னும் தேங்கி வீக்கம் கூடும், சீழ் கட்டவும் வாய்ப்புண்டு. அந்தப் பால் நிறைமாதமாகப் பிறந்த, ஆரோக்கியமான குழந்தைக்குக் கெடுதல் செய்வதில்லை. குழந்தை வழக்கம்போல் குடிப்பதுதான் அம்மாவுக்கும் நல்லது.

அப்புறம், பீய்ச்சிக் கொட்டினால் மருந்து சீக்கிரம் போய்விடும் என்றொரு நம்பிக்கை. ரத்தத்தில் மருந்து குறையக் குறைய, பாலில் இருப்பதும் தானாகவே ரத்தத்துக்குத் திரும்பிக் குறைந்துவிடும். கொட்டுவதால் அது வேகப்படாது.

அதற்காக எல்லா மருந்தும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. குறைமாதக் குழந்தை, பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை, மஞ்சள் காமாலை உள்ள குழந்தை, ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ள குழந்தை என்றால் கோட்ரைமாக்சசோல், நைட்ரோஃபுரான்டாயின் இரண்டிலும் கவனம் தேவை. குளோராம்பெனிகாலைத் தவிர்ப்பார்கள். டாக்சிசைக்ளின் என்றதும் குழந்தையின் பல் கறையாகிவிடும் என்று பயப்படுகிறார்கள். பாலில் உள்ள கால்சியம் அதைப் பிடித்துவைத்துக்கொள்வதால் குழந்தையின் உடலில் சேர்வது சொற்பம்தான். சில நாள் கோர்ஸ் என்றால் ஏற்கிறார்கள், வாரக்கணக்கில் இழுத்தால் தயங்குகிறார்கள். மெட்ரோனிடசோலை 2 கிராம் ஒரே வேளையாக எடுத்தால், 12 முதல் 24 மணி நேரம் பால் கொடுக்காமல் இடைவெளி விடச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு.

குழந்தைக்கு மலம் கொஞ்சம் இளகலாம், வாயில் வெள்ளை படரலாம். பெரும்பாலும் சாதாரண விஷயங்கள். ஆனால் மலத்தில் ரத்தம், உடம்பில் தடிப்பு, பால் குடிக்க மறுப்பது என்றால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்து மிரண்டவர்களும் உண்டு. மருந்துப் பரிசோதனைகளில் பால் கொடுப்பவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அதனால் நிறுவனங்கள் தங்கள் பாதுகாப்புக்காக எச்சரிக்கையைப் போட்டுவிடுகின்றன. இதற்குப் பயந்து, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைப் பாதியில் விடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. தொற்று அப்படியே இருக்கும், அம்மா படுத்த படுக்கையாவாள்.

மருத்துவரிடம் போனவுடனேயே "பால் கொடுக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். குழந்தையின் வயது, குறைமாதமா, காமாலை இருந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிறுத்தச் சொன்னால், இதற்குப் பதில் வேறு மருந்து உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அப்படியும் நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால், எந்தத் தேதியிலிருந்து திரும்பக் கொடுக்கலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை பால் வற்றாமலிருக்க, குழந்தை குடிக்கும் நேரங்களில் பீய்ச்சிக்கொண்டே இருங்கள்.